விரல் தேயாத டெய்லர்

இ.இ.ஜி. எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மின்முனைகளைத் தலையில் எங்கெங்கே ஒட்டுவது, பசை எவ்வளவு தடவுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, உங்கள் கைப்பேசியில் வீடியோவும் இருக்கிறது. எனக்குப் பாடம் நடத்த வராது, கோபம்தான் வரும். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரைப் பற்றிச் சொன்னால் அவர் மனைவியைப் பற்றியும் சொன்னதாகிவிடும்.

ஓய்வு பெற்றபின் வேங்கிக்காலில் புதிதாக வந்த வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். தனி ஆள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எனக்கோ காலையில் எழுந்ததும் கை பரபரக்கிறது. யாருடைய தலைமுடியையாவது வகிடு பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மின்முனையை அழுத்தி ஒட்டி, "கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது. சம்பளம் வாங்கிய காலத்தில் அந்த எண்ணெய் வாடையைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது பஸ்ஸில் முன் சீட்டில் யாராவது எண்ணெய் வைத்த தலையோடு உட்கார்ந்தால் மனசு என்னவோ பண்ணுகிறது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் இளம் டாக்டர். நல்ல பிள்ளை. திரையில் மூளை அலைகள் ஓடத் தொடங்கினால் டீ ஆறி ஏடு படியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். மறுபடி டீ வாங்கிவரச் சொல்லக் கூச்சப்பட்டு அதையே குடிப்பார்.

ஆய்வு இதுதான். கை சும்மா இருக்கும்போது, மூளையில் கையை ஆளும் இடத்தில் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும். பீட்டா என்பார்கள். கையை அசைக்கத் தொடங்கினால் அது அடங்கி வழிவிடும், நிறுத்தினால் திரும்ப எழும். பார்க்கின்சன் வந்தவர்களுக்கு அது சரியாக வழிவிடுவதில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருங்கள் என்றால் ஆரம்பத்தில் நன்றாகத்தான் தட்டுவார்கள். போகப் போக விரல் விரிவது குறையும், வேகம் குறையும், கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இதை நாங்கள் விரல் தேய்வது என்போம். விரல் தேயும்போது அந்தத் தாளம் என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் மாத்திரை போடாமல் ஒரு பதிவு, பிறகு மாத்திரை போட்டு ஒரு பதிவு. அதனால் காலை மாத்திரையைப் போடாமல் வரச் சொல்வோம். அந்த ஒரு மாத்திரை இல்லாமல் சட்டைப் பொத்தான் போட முடியாத மனிதர்களை அப்படி வரச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் டெய்லர். கடைத்தெருவில் சின்னக் கடை. நோய் வந்தபின் மிஷின் வேலையை விட்டுவிட்டு, கைத்தையல் மட்டும் வைத்துக்கொண்டார். புடவைக்கு ஓரம் அடிப்பது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது, இப்படி. அதுவும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவர் மனைவி அலமேலு கடையிலும் கூட இருப்பார், ஆஸ்பத்திரிக்கும் கூட வருவார். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. திருத்தித் திருத்தி நான்தான் அலுத்துப்போனேன்.

முதல் தடவை பதிவு எடுத்தபோது ஏழுமலையின் இடது கை சும்மா இருந்தாலே நடுங்கியது. அந்த நடுக்கம் பதிவில் ஏறும். "நான் புடிச்சிக்கட்டா சிஸ்டர்?" என்றார் அலமேலு. பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நடுக்கம் அடங்கியது. ஏழுமலை வலது கை விரல்களைத் தட்டத் தொடங்கினார்.

தேயவே இல்லை. மாத்திரை போடாத மனிதர் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று, எல்லாம் அப்படியே. திரையில் பீட்டாவும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கிக் கிடந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். நாள் முழுக்க நின்றுபோகும் விரல்களையே பார்த்தவளுக்கு ஓடும் விரலைப் பார்த்தால் வேறென்ன இருக்கும்?

டாக்டரும் முதலில் சந்தோஷப்பட்டார். ஏழுமலைக்கு மதியத்தில் உடம்பு தானாக நெளியும் தொந்தரவு இருந்தது. மாத்திரை ஜாஸ்தியானால் அப்படி வரும். "நடை கொஞ்சம் மந்தம்தான். ஆனா மாத்திரை இல்லாமலே கை இவ்வளவு நல்லா ஓடுதுன்னா மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்றார். பிறகு டீயை மறந்துவிட்டுப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு இடிக்குது. ஒரு சத்தத்தைக் கேட்டு அதுக்கேத்தபடி தட்டுறவங்களோட பதிவு இப்படித்தான் இருக்கும். இவருக்கு நாம எந்தச் சத்தமும் குடுக்கலையே" என்றார். குறைப்பதற்கு முன் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் குறித்தார்.

அந்த நாள் சித்ரா பௌர்ணமி. சென்னைக்காரருக்கு அது வெறும் ஒரு வேலை நாள். நானாவது பார்த்திருக்க வேண்டாமா? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பௌர்ணமி தெரியாமல் நோயாளிக்கு நாள் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கிரிவலக் கூட்டத்துக்காக வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவையும் உள்ளே விடவில்லை. மாத்திரை போடாத ஏழுமலை செஞ்சி ரோட்டில் இறங்கி, அந்த வெயிலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, மனைவியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். அவர்கள் எங்கள் அறைக்குள் வந்தபோது அவருடைய முகத்தில் அசைவே இல்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார வைக்க நாங்கள் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"மாத்திரை குடுத்துடட்டா சிஸ்டர்?" என்றார் அலமேலு. முந்தானை முடிச்சில் மாத்திரையை வைத்திருந்தார்.

கொடுத்துவிட்டால் அன்றைய பதிவு போச்சு. இவ்வளவு தூரம் நடந்ததும் வீண். கொடுக்காவிட்டால் இந்த மனிதர் இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவார்? டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஏழுமலையைக் கேட்டேன். அவருக்குக் குரல் வருவதே கஷ்டம். "எடுங்க" என்றார்.

எடுத்தோம். டாக்டர் சத்தத்தைத் தேடினார். மின்விசிறியை நிறுத்தினோம். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வராந்தாவில் கொண்டுபோய் வைத்தோம். ரோட்டில் ஒலிபெருக்கி, அதற்காக ஜன்னலைச் சாத்திப் போர்வையைத் தொங்கவிட்டேன். அறை அடுப்படியாகிவிட்டது. அலமேலு முன்போலவே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் இடது கையை மடியில் வாங்கிக்கொண்டார். ஏழுமலை தட்டினார். முகம் அசையாத, குரல் எழும்பாத, எழுந்து நிற்க முடியாத மனிதரின் விரல்கள் சீராக ஓடின. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது எப்படி?" என்றார்.

நான் ஒரு மின்முனை வியர்வையில் நழுவியிருக்கிறதா என்று பார்க்க ஏழுமலையின் பின்னால் போய் நின்றேன். குனிந்தபோது அலமேலுவின் மடி தெரிந்தது. அவருடைய கட்டைவிரல் கணவரின் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டது, அழுத்தியது, விட்டது, அழுத்தியது. அந்தப் பக்கம் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு தட்டு. அலமேலு தன் கையைப் பார்க்கக்கூட இல்லை. எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு, சுற்று முடிந்ததும் அலமேலுவை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். கோபமாகத்தான் போனேன். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். "இன்னாம்மா இது, கையை அழுத்தி அழுத்திக் குடுக்குறீங்க?" என்றேன்.

அவருக்கு நான் எதற்குக் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "ஆமா சிஸ்டர். நான் புடிச்சாத்தான் ஓடும். கடையில ஓரம் அடிக்கும்போது துணியோட அந்தப் பக்கத்தை நான் புடிச்சிகினு லேசா இழுப்பேன். நான் இழுக்க இழுக்க அவுரு ஊசி போடுவாரு. வுட்டுட்டா கை நின்னுபூடும். இங்க துணி இல்ல, அதான் கையைப் புடிச்சேன். வீட்டுல எப்படியோ அப்படித்தானே உங்களுக்குக் காட்டணும்?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? அவர் வீட்டில் ஏழுமலையின் கை என்பது இரண்டு பேருடைய கை. நாங்கள்தான் ஒருவரை மட்டும் அளக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கோபத்தை விட்டுவிட்டு நடப்பதைச் சொன்னேன். கை இவ்வளவு நன்றாக ஓடுகிறதே என்று டாக்டர் மாத்திரையைக் கம்மி பண்ணப் போகிறார் என்றேன். அலமேலுவின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, இருக்கறதே பத்தலையே சிஸ்டர்! நான் ஊருக்குப் போனா, எனக்கு ஒடம்பு சரியில்லன்னா, நான் செத்தே பூட்டா, அவுரு இன்னா பண்ணுவாரு?" என்றார். "அதுக்குத்தான்மா, நீங்க இல்லாம ஒரு தரம் எடுக்கணும்" என்றேன்.

அலமேலு ஒப்புக்கொண்டார். ஏழுமலை ஒப்புக்கொள்ளவில்லை. அலமேலு வராந்தா பெஞ்சிலேயே இருக்க, நான் மட்டும் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னேன். அவருடைய இடது கையின் கீழே நானே ஒரு தலையணையை மடித்து வைத்தேன். அவர் தலையணையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "அவ இருக்கட்டும்" என்றார். "கொஞ்ச நேரம்தாங்க. அவங்க வெளிய பெஞ்சிலதான் இருக்காங்க" என்றேன். டாக்டர் பக்கத்தில் குனிந்து, "உங்க கை தனியா என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்" என்று பொறுமையாகச் சொன்னார். ஏழுமலை விரலைத் தூக்கினார்.

நாலைந்து தட்டு ஓடியது. பிறகு விரல் சின்னதாகியது. பிறகு நடுங்கியது. பிறகு ஒட்டிக்கொண்டது. திரையில் அடங்கியிருக்க வேண்டிய தாளம் மெல்ல மெல்லத் தலையெடுத்து எழுந்தது. நாங்கள் எதிர்பார்த்தது அதுதான். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். டாக்டர் சுற்றுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னும் சில சுற்று வேண்டும், ஒரே ஒரு சுற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏழுமலை மறுபடி முயன்றார். மறுபடி ஒட்டிக்கொண்டது. அசைவில்லாத அந்த முகத்தில் கண்ணீர் மட்டும் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

மூன்றாவது சுற்றில், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, அவர் கூப்பிட்டார்.

"அலமேலு!"

கதவு திறந்தது. நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அலமேலு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவர் தள்ளியிருந்தால் நான் விட்டிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். இத்தனை வருஷ வேலையில் அதைப்போல ஒரு நிமிஷம் எனக்கு வந்ததில்லை. உள்ளே ஒரு மனிதர் தன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார். வெளியே அந்தப் பெண் வந்து நிற்கிறாள். நடுவில் நான் யார்? ஆனால் விட்டால் பதிவு பாதியில் நின்றுவிடும், அவரை இன்னொரு நாள் மாத்திரை இல்லாமல் வரச் சொல்வார்கள். இதே வேதனை மறுபடி. நான் தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாம் என்று.

அலமேலு தள்ளவில்லை. கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "கேட்டீங்களா சிஸ்டர்?" என்றார் ரகசியமாக. "இந்தாமே, ஏம்மேன்னுதான் கூப்புடுவாரு. கட்டிகினு வந்ததுல இருந்து ஒரு தரம்கூடப் பேரு சொன்னதில்ல." அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சுற்றுக்கள் முடிந்தன. டாக்டர் "போதும், போதும்" என்று தானே எழுந்துவந்து கதவைத் திறந்தார். அலமேலு முந்தானையை அவிழ்த்து மாத்திரையைக் கொடுத்தார். அது வேலை செய்யும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்து நின்றோம். மாத்திரைக்குப் பிறகு எடுக்க வேண்டிய பதிவை மதியம் எடுத்தோம், அதுவும் அலமேலு இல்லாமல். சுமாராக ஓடியது.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால் இதுதான். அறையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நோயாளியை யார் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது பதிவைக் கெடுக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பிரியுங்கள். ஆனால் எதைப் பிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு பிரியுங்கள். ஒரு மின்முனையைக் கழற்றுவதற்கே எவ்வளவு மெதுவாகக் கை வைக்கிறோம்!

டாக்டர் மாத்திரையைக் குறைக்கவில்லை. சின்னச் சின்ன அளவாகப் பிரித்து, அடிக்கடி போடும்படி மாற்றினார். சில மாதங்கள் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் மதியத்து நெளிசலும் குறைந்தது, காலையில் கையும் ஓடியது. ஏழுமலை கடையை மூட வேண்டி வரவில்லை. எனக்கு ஒரு ஜாக்கெட் கையாலேயே தைத்தனுப்பினார். அளவு கொடுக்காமலே சரியாக இருந்தது, பார்த்தே எடுத்திருக்கிறார். பிறகு அந்த டாக்டர் சென்னைக்குப் போய்விட்டார், நானும் ஓய்வு பெற்றேன்.

இப்போது, கொஞ்ச நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை. பக்கத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நாள். வேங்கிக்கால் பஸ் நிறுத்தமே ஜனமாக இருந்தது. நான் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன், "சிஸ்டர்!" என்று ஒரு குரல். திரும்பினால் அலமேலு. தலை பாதி வெளுத்திருந்தது. பட்டா விஷயமாக மனு கொடுக்க வந்தாராம். ஏழுமலை வரவில்லையா என்றேன்.

"கடையில கீறாரு சிஸ்டர். கல்யாண சீசனு, வேலை ஜாஸ்தி."

"கை எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுது சிஸ்டர். ஓரமெல்லாம் அவுரே அடிச்சிடறாரு. துணியைப் புடிக்க ஆளே வேணாம்." சொல்லிவிட்டுப் பஸ் வருகிறதா என்று பார்த்தார். பஸ் வரவில்லை. "உங்க புண்ணியம்" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்றவளுக்கு அப்படியொரு வார்த்தை கிடைத்தால் ஒரு மாசத்துக்குத் தாங்கும். நான் என்னென்னவோ பேசிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு நடுவில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சிஸ்டர், ஒரே ஒரு நாளு, காலையில அந்த மாத்திரையைப் போடாம வுட்டா தப்பா?"

வேலை பார்த்த பழக்கம், யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. "தப்பும்மா. கூடவே கூடாது." சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு உறைத்தது.

"தெரியும் சிஸ்டர். சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தார். "கடையில எதிர்லதான் உக்காந்துகினு கீறேன். அவுரு தைக்கிறாரு, நான் சும்மா கையைக் கட்டிகினு பாத்துகினு கீறேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா, இப்படித் தோணுதுன்னு?"

அலமேலு பதறிப்போய்த் தலையை ஆட்டினார்.

"ஐயோ, அவுருகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். சொன்னா நாளைக்கே மாத்திரையை வுட்டுடுவாரு."

கீழ்பென்னாத்தூர் பஸ் வந்தது, ஏறிப் போனார்.